அந்தப் பிள்ளைகளுக்குப் பேசத் தெரியும்

சனிக்கிழமை மாலை, தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மாணவர்கள் வசனமே இல்லாமல் எடுத்த படம் திரையிடப்பட்ட பிறகு நடந்ததைப் பலரும் நேரில் பார்த்தீர்கள். வராதவர்களும் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான்கு நாட்கள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

கருத்துச் சீட்டுகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நான்தான் பிரித்தேன். வசனம் வைத்திருக்கலாம் என்று பாதிப்பேர் எழுதியிருந்தார்கள். அது அவரவர் ரசனை. ஆனால் ஒலிபெருக்கியை வாங்கிய பெரியவர் ஒருவர், “தமிழும் ஒழுங்காக வராது, மலையாளமும் ஒழுங்காக வராது, அதனால்தான் ஊமைப்படம் எடுத்துவிட்டார்கள்” என்றபோது கூடமே சிரித்ததே, அதை எந்த ரசனையில் சேர்ப்பது?

பேச்சில்லாமல் எடுத்தது அந்தப் பிள்ளைகளின் இயலாமை அல்ல, அவர்கள் எடுத்த முடிவு. இயக்கிய மாணவி முதல் நாளே என்னிடம் சொன்னாள்: “எங்க அம்மாயிக்கும் புரியணும் டீச்சர், பக்கத்து வீட்டு மலையாளத்துக்காரங்களுக்கும் புரியணும்.” 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் ‘பேசும் படம்’ எடுத்தபோது வசனமே இல்லாததால்தான், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அது மொழிக்கு மொழி போக முடிந்தது. இரண்டு மொழிகளுக்கு நடுவில் வளர்ந்த பெண் அந்த வழியைத் தானாகவே கண்டுபிடித்தாள் என்பதைப் பாராட்டக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் நீளம் என்று குறை சொன்ன காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியப் படிவம் பாட்டியின் கைக்கு வருகிறது. அதில் இருப்பது மலையாளம். பாட்டிக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும். விரல் வரி வரியாக நகர்ந்து, ஓரிடத்தில் நின்று, மறுபடி முதல் வரிக்கே வருகிறது. பிறகு உள்ளங்கையால் தாளை நீவி, நான்காக மடித்து, சுருக்குப்பையில் வெற்றிலைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்கும் அந்தச் சுருக்குப்பைக்கும் இடையில் உள்ள தூரத்தை எந்த வசனத்தை வைத்துச் சொல்லியிருக்க வேண்டும்?

விமர்சனத்தைத் தாங்க முடியாதவர்கள் படம் எடுக்கக் கூடாது என்பீர்கள். இரண்டாம் காட்சியில் வெளிச்சம் போதவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார், உண்மைதான், ஏற்றுக்கொண்டோம். அது படத்தைப் பற்றிய பேச்சு. பெரியவர் பேசியது படத்தைப் பற்றியே அல்ல. மலையாளத்தின் முதல் மௌனப் படமான ‘விகதகுமாரன்’ திருவனந்தபுரத்தில் ஓடியபோது, தலித் பெண்ணான பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காதவர்கள் திரையின்மீது கல்லெறிந்தார்கள். எடுத்தவர் நம் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல். ரோசி ஊரைவிட்டே ஓடி, தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, தாம் நடிகை என்பதையே வெளியில் சொல்லாமல் வாழ்ந்து முடித்தார். அந்தக் கொடுமையையும் சனிக்கிழமைச் சிரிப்பையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். திரையை விட்டுவிட்டு, திரையில் நிற்பவர் யார் என்று பார்க்கும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

உங்கள் பிள்ளைகள் என்பதால் உங்களுக்குக் கோபம் வருகிறது என்றும் சொல்வீர்கள். ஆமாம், வருகிறது. ஆறாம் வகுப்பில் என்னைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்து மலையாளப் பள்ளியில் சேர்த்தார்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்று அரையாண்டுத் தேர்வு வரை நான் வாய் திறக்கவில்லை. “ஈ குட்டிக்கு நாவில்லே?” (இந்தப் பிள்ளைக்கு நாக்கு இல்லையா?) என்று வகுப்பு முன்னால் கேட்ட அந்தக் குரல் முப்பது வருடம் கழித்து சனிக்கிழமை எனக்கு மறுபடி கேட்டது. அன்று எனக்கு இரண்டு மொழியும் புரிந்துகொண்டுதான் இருந்தது. சுற்றியிருந்தவர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் மலையாளத்தி, இந்தப் பக்கம் வந்தால் பாண்டிக்காரி என்று கேட்டே வளர்ந்த எங்களிடம், பேசத் தெரியாதவர்கள் என்று நம் ஊர்க்காரரே சொன்னால் நாங்கள் எங்கே போய் நிற்பது?

நேற்று மாலை அந்த மாணவி சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வந்தாள். படிவக் காட்சியைப் பாதியாக வெட்டிவிடட்டுமா டீச்சர் என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இரண்டாம் காட்சியை மட்டும், ஞாயிற்றுக்கிழமை வெயில் இறங்குவதற்குள் திரும்ப எடுக்கப் போகிறோம்.