பூட்டு வாங்கியவருக்கு, புத்தகம் திருடியவருக்கு

"மின்னூலை டிஆர்எம் போட்டு வெளியிடுங்கள், யாரும் திருட முடியாது" என்று, அதாவது நகலெடுக்க விடாத மின்பூட்டைப் போடச் சொல்லி, இன்னமும் அறிவுரை சொல்கிறார்களே, அவர்கள் மேல்தான் முதல் கோபம். பூட்டுப் போட்டுத்தான் வெளியிட்டேன். அடுத்த வாரமே ஒரு செயலியின் குழுவில் முழுப் புத்தகமும் பிடிஎஃப்பாகச் சுற்றுகிறது, நன்றியுரை உட்பட. கீழே "நன்றி அண்ணா, இவரோட அடுத்த புத்தகம் கிடைக்குமா?" என்று வரிசையாகக் கேட்கிறார்கள். யாரிடம்? திருடியவனிடம்!

படிக்க வேண்டுமென்றால் வாசகரின் கருவியில் பூட்டு திறந்தாக வேண்டும். அப்படியானால் சாவியும் அங்கேதான் இருக்கிறது. அதைத் தோண்டியெடுக்கும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதுகூட வேண்டாம், பக்கம் பக்கமாகத் திரையைப் படம் பிடித்தாலே போதும். ஒருவன் உடைத்துவிட்டால் மற்ற எல்லோருக்கும் பூட்டில்லாத கோப்பு.

மாட்டிக்கொள்வது காசு கொடுத்து வாங்கியவர். கருவியை மாற்றினால் தொல்லை, வேறு செயலியில் திறக்காது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய புத்தகங்களே படிக்க முடியாமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. புத்தகம்? திருட்டுப் பிரதி வைத்திருந்தவனுக்கு இந்தக் கவலையே கிடையாது. டோர் பதிப்பகம் 2012இல் டிஆர்எம்மையே எடுத்துவிட்டது. ஒரு வருடம் கழித்து, திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

அப்புறம், திருட்டுப் பிரதியை நீக்கச் சொல்லி அனுப்பும் அந்த டிஎம்சிஏ நோட்டீஸ். டிஎம்சிஏ என்பது 1998இல் வந்த அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம். ஒவ்வொரு இணைப்பாகத் தேடிப்பிடித்து, என் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதி, பொய் சொன்னால் தண்டனை என்பதற்கும் ஒப்புக்கொண்டு நான் கையெழுத்திட வேண்டும். எதிரில் இருப்பவனுக்கு முகமே கிடையாது. ஒன்றை நீக்கினால் சாயங்காலமே புதுக் குழு தொடங்கி அதே கோப்பை ஏற்றுகிறான். எழுத வேண்டிய நேரமெல்லாம் இந்தக் காவல் வேலையில் போகிறது. பதிப்பகமோ வக்கீலோ பின்னால் இல்லாத தனி எழுத்தாளர் இதை எத்தனை நாள் செய்வது?

ஒவ்வொரு பிரதியிலும் வாங்கியவரின் அடையாளத்தை வாட்டர்மார்க்காகப் பதித்துக் கொடுக்கலாம். நேர்மையான வாசகருக்கு எந்த இடைஞ்சலும் இல்லை, எந்தப் பிரதி கசிந்தது என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. அதை வழித்தெடுக்கவும் ஆள் இருக்கிறார்கள் என்பது தெரியும். ஆனாலும் இந்தப் பூட்டைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஒருமுறை நீக்கிய கோப்பு மறுபடி ஏறும்போதே ஒப்பிட்டுத் தடுக்கவும் முடியும். பாட்டுக்கும் படத்துக்கும் யூடியூப் 2007 முதல் அந்த மாதிரிச் சோதனையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இந்தக் குழுக்களுக்கு இடம் கொடுக்கும் செயலிகள் புத்தகத்துக்கு அதைச் செய்தால் என்ன?