அதே கோச்சு வந்தா அதே டீமு வந்துருமா?

நம்ம ஃபுட்பால் டீமு சென்னையின் எஃப்சி வரிசையா ரெண்டு மேட்ச் தோத்தா போதும், காரைக்குடி டீக்கடை பெஞ்சு ரெண்டாப் பிளந்துருது. இந்தப் பக்கம், "பேசாம பழைய கோச்சைக் கூட்டியாங்கப்பா." அந்தப் பக்கம், "விட்டுட்டுப் போன மனுசனுக்கு மறுபடி ஆரத்தியா?" வளவு வீட்டுப் பங்குக்கு அடிச்சுக்கிற பங்காளிங்க கூட நடுவுல ஒரு தடவை பத்திரத்தை எடுத்துப் பாப்பாங்க. இவங்க அதையும் பாக்கறதில்ல. முகத்தை வச்சுத்தான் முழுச் சண்டையும்.

பத்திரம் என்னமோ தெளிவாத்தான் இருக்கு. ஓவன் கோய்ல் கணக்கை எடுங்க. 2019 டிசம்பர்ல அவர் சென்னையின் கோச்சா வரும்போது டீம் 6 மேட்ச்ல 5 பாயின்ட்டோட தரையில கிடந்துச்சு. மிச்சம் 12 மேட்ச்ல 24 பாயின்ட் எடுத்து நாலாவதா முடிச்சாரு. செமி ஃபைனல் முதல் மேட்ச்ல கோவா டீமைச் சென்னையில வச்சு 4-1ன்னு பிச்சாங்க. 2020 மார்ச் 14, ஃபைனல், கோவாவுல ஃபடோர்டாவுல ஆளே இல்லாத ஸ்டேடியத்துல கொல்கத்தா டீமு ஏடிகே கிட்ட 3-1 தோல்வி. கப்பு போச்சு, ஆனா பேரு நின்னுச்சு. அடுத்து ஜம்ஷெட்பூர் டீமுக்குப் போனாரு, 2021-22ல 20 மேட்ச்ல 43 பாயின்ட் எடுத்து, லீக்ல முதலிடத்துக்குக் குடுக்கிற ஷீல்டை வாங்கினாரு. 2023ல திரும்பி வந்தப்ப "இனி கப்பு நமக்குத்தான்"னு ஒரு கோஷ்டி வெடி போடாத குறை.

வந்து என்னாச்சு? முதல் சீசன் 22 மேட்ச்ல 27 பாயின்ட், ஆறாவது இடம், பிளே-ஆஃப்ல கோவா கிட்ட 2-1, வீட்டுக்கு. அடுத்த சீசன் 24 மேட்ச், அப்பவும் அதே 27. ஆனா அந்தத் தடவை 13 டீம்ல 11-வது. உடனே ஒரு கோஷ்டி "கிழவனுக்குச் சரக்கு தீந்துருச்சு", இன்னொரு கோஷ்டி "நிர்வாகம் ஆள் வாங்கிக் குடுக்கல". ரெண்டு பேரும் சேந்து ஒரு விஷயத்தைத் தொடவே இல்ல.

2019-20ல ஐஎஸ்எல்-ல, அதான் சென்னையின் ஆடற இந்தியன் சூப்பர் லீக்ல, ஒரே நேரத்துல 5 வெளிநாட்டு ஆட்டக்காரங்க கிரவுண்ட்ல நிக்கலாம். அந்த அஞ்சு இடத்தைக் கோய்ல் எப்படி வச்சாருன்னு பாருங்க: பின்னால நடுவுல நிக்கிற ஸ்டாப்பர் ரெண்டு பேரும், கோயன், எலி சாபியா. நடுவுல கிரிவெல்லாரோ. முன்னால ஷெம்ப்ரி, வால்ஸ்கிஸ். வால்ஸ்கிஸ் மட்டும் 15 கோல். ஓரத்துல ஓடறதுக்கு சாங்தே. கோய்ல் திரும்பி வரும்போது ரூல் 4 ஆகிப் போச்சு. ஒரு நாற்காலி குறைஞ்சா எதை எடுப்பீங்க? ஸ்டாப்பரை எடுத்தா பின்னால ஓட்டை. ஃபார்வர்டை எடுத்தா கோல் இல்ல. கிரிவெல்லாரோவை எடுத்தா பந்தை முன்னால கொண்டு போக ஆளில்ல. அவரும் திரும்பி வந்தாரு, சரி, ஆனா 34 வயசுல. வால்ஸ்கிஸ் கிடையாது, சாங்தே மும்பையில. இதுல "அதே கோச்சு, அதே ஆட்டம்"னா எப்படிங்க வரும்?

கோய்ல் ஆட்டம் சும்மா உக்காந்து ஆடற ஆட்டமும் இல்ல. பந்து பறிபோன அந்த நொடியே முன்னால இருக்கிறவன் பாயணும், அவன் பின்னாலயே மிட்ஃபீல்டு ஏறணும், அதோட சேந்து டிஃபென்ஸ் லைனும் மேல வரணும். மூணுல ஒண்ணு லேட்டானா நடுவுல இருபது மீட்டர் காலியிடம் திறந்துரும். எதிராளி ஒரே ஒரு நேர்ப் பாஸ் போட்டா முடிஞ்சுது, வேகமில்லாத ஸ்டாப்பர் பின்னாலயே ஓடி வந்து கார்னர் குடுப்பாரு, இல்லாட்டி கார்டு வாங்குவாரு. இதுக்கு ஒட்டுமொத்த டீமும் அஞ்சாறு வாரம் ஒண்ணா ப்ரீ-சீசன், அதான் சீசனுக்கு முந்தின பயிற்சி, பண்ணியிருக்கணும். பாதி ஆளு கடைசி வாரத்துல விமானம் இறங்கி வந்தா, 70-வது நிமிசத்துக்கு மேல கால் நிக்காது.

ஆத்தங்குடித் தரைக்கல்லு போடற ஆளைக் கேளுங்க. கண்ணாடி மேல அச்சை வச்சுச் சாயத்தைப் பிசகாமத்தான் ஊத்துவாரு. பின்னால கொட்டற மண்ணு மாறிப் போச்சுன்னா கல்லு வேற கல்லு.

விட்டுட்டுப் போனவன் "துரோகி"ங்கிற கோஷ்டிக்கும் ஒண்ணு. கோச்சுக்கு ஒப்பந்தம் ஒரு வருசம், ரெண்டு வருசம். முடிஞ்சா போவான். போனது குத்தமில்ல, திரும்பி வர்றதும் புண்ணியமில்ல.

"அங்க பழைய கோச்சு திரும்பி வந்து ஜெயிக்கலையா"ன்னு ஐரோப்பா கதை பேசறவங்க அதை முழுசாப் பேசுங்க. மொரின்யோ 2013ல செல்சிக்குத் திரும்பினாரு, 2014-15ல லீக் வாங்கினாரு, அதோட நிறுத்திக்கிறீங்க. அதே ஆளு 2015 டிசம்பர்ல 16 மேட்ச்ல 9 தோல்வி, 16-வது இடம்னு வெளிய போனாரே? அன்செலோட்டி 2021ல ரியல் மாட்ரிட் திரும்பி 2022, 2024னு ரெண்டு சாம்பியன்ஸ் லீக் அடிச்சாரு. ஏன் பலிச்சுது? 2022ல மோட்ரிச், க்ரூஸ், பென்சிமா எல்லாரும் முதல் தடவையே அவர்கிட்ட ஆடினவங்க. கோச்சு மட்டும் திரும்பல, உள்ள முதுகெலும்பு அப்படியே இருந்துச்சு.

ஆக அண்ணே, மாப்ள, அடுத்த தடவை "கூட்டியாங்க"ன்னு கத்தறதுக்கு முன்னாடி கேளுங்க: அந்தக் கோச்சு காலத்து ஆளு எத்தனை பேர் இன்னும் டீம்ல இருக்கான்? வெளிநாட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிறது கோச்சா, நிர்வாகமா? ஸ்டாப்பர் இடத்துல நம்பி நிறுத்த ஒரு இந்திய ஆட்டக்காரன் இருக்கானா? ப்ரீ-சீசன் எத்தனை வாரம்? இதுக்குப் பதில் இல்லாம பேரை மட்டும் கத்தினா, காசு யாரோடது போகுது? நேரு ஸ்டேடியத்துல ராத்திரி 7.30 மேட்ச்சுன்னா, காரைக்குடியிலேந்து விடியக்காலை பல்லவன் ரயில்ல ஏறிப் போறவனுக்குத் திரும்பி வர அந்த வண்டியே கிடையாது, மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடியே அது எழும்பூரை விட்டுக் கிளம்பிரும். விடிய விடிய பஸ்ஸுல உக்காந்து, 2-1 தோல்வியை மடியில வச்சுக்கிட்டு வர்றவன் அவன்தான்.