ஒரே படம், மூணு ஆல்பம்

ஹார்ட் டிஸ்க்கில் 8,000 பாட்டு இருக்கு. சமையலறை ஸ்பீக்கரில் ஒரு படத்துப் பாட்டை வரிசையாக் கேட்க முடியலை. எஸ்.பி.பி. பாடினது ஒரு ஆல்பம், ஜானகி பாடினது இன்னொண்ணு, ரெண்டு பேரும் சேர்ந்தது மூணாவதுன்னு கூறு போட்டு வைக்குது. ஒவ்வொரு பாட்டு ஃபைலோட விவரத்திலும் இருக்கிற 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் இளையராஜா பேரைப் போட்டால்தான் ஒண்ணு சேரும். அதை யார் நிரப்பி வச்சாங்க? அந்தப் பேரும் ஆங்கிலத்தில் ஒரு ஃபைலில் ஒற்றை 'ஏ', இன்னொண்ணில் இரட்டை 'ஏ'. பாட்டெழுதினவர் பேர் எங்கேயுமே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். இந்த விவரத்தையெல்லாம் எம்பி3 ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கிற முறைக்குப் பேர் ஐடி3. அதோட பழைய முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். பல்லவி பாதியில் அறுந்து தொங்குது. நேத்து ராத்திரி 1 மணி வரைக்கும் உட்கார்ந்து 40 பாட்டைத் திருத்தினேன். கூடத்து ஸ்பீக்கரில் இன்னமும் பழைய பேர்தான் வருது.