விருது இருக்கட்டும், முதலில் அனுமதி கொடுங்கள்

விருதும் பயிற்சி முகாமும் இருந்தால் பேராசிரியர்கள் புதுமையாகப் பாடம் நடத்துவார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, நான் வடசென்னையில் ஒரு கல்லூரியில் வேதியியல் எடுப்பவன். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது, பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து லேபில் பார்க்கலாம் என்றால், அனுமதிக் கடிதம் மேசை மேசையாகச் சுற்றி முடிப்பதற்குள் செமஸ்டரே முடிந்துவிட்டது. "போய்ட்டு வாப்பா, நான் பாத்துக்கறேன்" என்று மேலே ஒருவர் சொல்லியிருந்தால் போதும், விருதெல்லாம் யார் கேட்டார்கள்? (ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும்போது மட்டும் உறையைக் கழற்றுவார்கள்.) அப்புறம், நிரந்தர வேலை இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள்: பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-லேயே மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது, கையில் வருவது அதற்கு எவ்வளவோ கீழே. அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்றே தெரியாதவரிடம் போய்ப் புதுசா ஏதாவது பண்ணுங்க என்றால் எப்படி சார்?