பட்டம் ஒன்றுதான், ஊர்தான் வேறு

"படிச்சவன் வீட்டுலதான்டா காசு தங்கும்" என்று அப்பா சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். தருமபுரிப் பக்கம் மானாவாரிக் காடு, மழை பெய்தால்தான் சோறு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் எங்களுடையதுதான், 68.5 சதவீதம். கன்னியாகுமரியில் கிட்டத்தட்ட 92.

தம்பி அப்பா சொன்னபடியே படித்தான். பி.எஸ்சி., பி.எட். ஊர்ப்பக்கம் ஒரு தனியார் பள்ளியில் 11,000 ரூபாய் சம்பளம். நான் திருப்பூருக்கு வந்துவிட்டேன். இங்கே பக்கத்து வீட்டு அண்ணன் எட்டாவது, பனியன் கம்பெனியில் பேட்லாக் டெய்லர், துணி ஓரத்தை மடித்துத் தைக்கும் மிஷின். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், அங்கேயே செக்கிங். ஆர்டர் நெருக்கினால் இருவரும் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளக் கவர் இரண்டையும் பிரித்து, வாடகை, சீட்டு, மளிகை என்று அக்கா கட்டிலில் தனித்தனியாக அடுக்குவார். தம்பியின் ஒரு மாதச் சம்பளம் அந்தக் கட்டிலில் இரண்டு வாரத்தில் வந்துவிடும்.

இதைப் பார்த்துவிட்டு "படிச்சு என்னத்தக் கிழிச்சாங்க" என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வீட்டில் சம்பாதிப்பது இரண்டு பேர், அதுவும் பன்னிரண்டு மணி நேரம். அண்ணனுக்கு நாற்பத்து நான்கு வயது. ராத்திரியானால் ஊசிமுனை தெரியவில்லை என்கிறார். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்கிறபோது, கண்ணும் இடுப்பும் தளர்ந்தால் கூலியும் தளர்ந்துவிடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மேல் 50 சதவீத வரி போட்டதும் அவர்கள் கம்பெனியில் ஆர்டர் குறைந்து, ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகி, அப்புறம் வாரத்தில் நான்கு நாள் ஆனது.

தம்பியின் படிப்பில் குறை இல்லை. அந்தப் படிப்புக்குக் கூலி கொடுக்க அவனைச் சுற்றி வேலை இல்லை, அதுதான் குறை. கன்னியாகுமரியில்கூடப் படித்த பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போய்த்தானே வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள்? ஊருக்கு ஊர் கல்லூரி திறந்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. படித்து முடித்தவனுக்கு அதே ஊரில் ஒரு நல்ல வேலையையும் கொண்டுவர வேண்டாமா? ஓசூருக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறினால்தான் பட்டத்துக்கு மதிப்பு என்றால், வயதான அப்பாவை விட்டுப் போக முடியாத என் தம்பி மாதிரிப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அந்த அண்ணனின் மகள் இப்போது பி.காம். இரண்டாம் வருடம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நான்கு நாள் வேலை இருந்த வாரங்களிலும் அக்கா கட்டிலில் முதலில் எடுத்து வைத்தது அவளுடைய ஃபீஸ் பணத்தைத்தான்.