அந்த 320 கோப்பும் என் கோப்புதான்

பழைய உருமி மேளக் கேசட் ஒன்றை எம்பி3 கோப்பாக்கி நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டிருந்தேன். அதைப் பற்றி அங்கே இந்த வாரம் முழுக்க ஓடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே பதில் போட்டால் சண்டைக்கு வருகிறேன் என்பார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

"அண்ணன் போட்டதில் தெளிவே இல்லை, இந்த 320-ஐக் கேளுங்க, உருமி அப்படியே முன்னால வந்து நிக்குது" என்று தம்பி ஒருவர் பகிர்ந்தாரே, அண்ணன் என்றது என்னை, அந்தக் கோப்பும் என்னுடைய கோப்புதான். 320 என்பது ஒரு வினாடி ஒலிக்குச் செலவாகும் கிலோபிட் கணக்கு. நான் லேம் என்கோடரில் (ஒலியை எம்பி3 ஆகச் சுருக்கும் மென்பொருள்) வி2 அமைப்பில் (தேவைக்கேற்ப பிட் கணக்கு ஏறி இறங்கும் அமைப்பு) செய்து போட்ட எம்பி3-ஐ எடுத்து, மறுபடியும் 320-இல் எம்பி3 ஆக்கியிருக்கிறார். மூல கேசட் என் வீட்டில் இருக்கிறது, வேறு யாரிடமும் பிரதி கிடையாது. நம்பாதவர்கள் இரண்டு கோப்புகளின் அதிர்வெண் படத்தையும் திறந்து பாருங்கள், ஒலி எந்த உச்சம் வரை போகிறது என்று அது காட்டும். வி2 அமைப்பு 18,000 ஹெர்ட்ஸைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒலியை வெட்டிவிடும். அவருடைய 320-இலும் அதே இடத்தில்தான் வெட்டு இருக்கிறது. கேசட்டிலிருந்து நேராக 320 எடுத்திருந்தால் 20,000-ஐ ஒட்டிப் போயிருக்கும்.

சின்னக் குவளைத் தேநீரைப் பெரிய குவளையில் ஊற்றினால் தேநீரின் அளவு கூடிவிடாது. இங்கே கொஞ்சம் சிந்தவும் செய்கிறது. ஒவ்வொரு தடவை எம்பி3 ஆக்கும்போதும் என்கோடர் எதையாவது தூக்கி எறியும். எறிந்ததை எந்த எண்ணும் திருப்பிக் கொண்டுவராது. ஆக, நீங்கள் எல்லோரும் "ஆகா" என்று பாராட்டிய கோப்பு என் கோப்பைவிட ஒரு படி கீழே.

தம்பி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவே இல்லை. அவருக்குத் தெளிவாகத்தான் கேட்டிருக்கும். 320 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு காதில் இயர்போனை மாட்டினால் மூளை அதற்கு ஏற்றபடிதான் கேட்கும். வெறும் சர்க்கரை மாத்திரையை மருந்தென்று நம்பி விழுங்கியவருக்கு வலி குறைகிறதே, அதே விஷயம்தான். உணர்ந்தது நிஜம். ஆனால் அது கோப்பில் இல்லை. இதைச் சொன்னதற்குத்தான் எனக்குக் காது மந்தம் என்று ஒருவர் எழுதினார், அதற்கு இருபது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். வயதானால் உச்ச ஒலிகள் கேட்பது குறையும், தெரியும். அதனால்தான் என் காதையும் நம்ப வேண்டாம், உங்கள் காதையும் நம்ப வேண்டாம், பெயரை மறைத்துச் சோதிப்போம் என்றேன். அதற்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளில் ஒரு துணைச் செருகலைச் சேர்த்தால் ஏபிஎக்ஸ் சோதனை செய்யலாம். ஏ ஒரு கோப்பு, பி இன்னொன்று, எக்ஸ் இரண்டில் ஏதோ ஒன்று. எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். 16 தடவையில் 12 சரியாகச் சொன்னால் கேட்க முடிகிறது என்று ஒப்புக்கொள்ளலாம், குருட்டாம்போக்கில் அது நடக்க 100-க்கு 4 வாய்ப்புகூட இல்லை. ஒலியளவைச் சமன் செய்துவிட்டுத்தான் செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள். தம்பி கோப்பை மாற்றும்போது சத்தத்தையும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார். சத்தம் துளி கூடினாலும் அதைத் தரம் என்றுதான் காது எடுத்துக்கொள்ளும்.

"அப்போ 128-உம் 320-உம் ஒன்றா?" என்று கேட்பீர்கள். இல்லை. நல்ல கேள்வி, ஏனென்றால் உருமி எம்பி3-க்குக் கஷ்டமான வாத்தியம். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் (ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்த எண்கள்) கொண்ட துண்டுகளாக வெட்டித்தான் சுருக்குகிறது, சிடி வேகத்தில் ஒரு துண்டு 26 மில்லிவினாடி. ஒரு துண்டின் நடுவில் குச்சி பளீரென்று விழுந்தால், அடிக்கு முன்பே ஒரு சலசலப்பு பரவும். 128-இல் ஜால்ராவும் உருமியும் சேரும் இடத்தில் அது கேட்கும். அதனால்தான் நான் வி2 தேர்ந்தெடுத்தேன். வழக்கமான ஸ்டீரியோ பாட்டில் சராசரி 190 வரும், ஆனால் அது உச்சவரம்பு கிடையாது. அடி விழும் இடத்தில் 320 வரை எடுத்துக்கொள்ளும், அமைதியில் இறங்கிவிடும். இந்தப் பதிவில் கேசட் இரைச்சலுக்கே எத்தனையோ பிட் போகிறது. யோசித்துத்தான் செய்தேன் ஐயா, சோம்பலில் செய்யவில்லை.

"ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) இயர்போனில் கேட்டால் தெரியும்" என்பவர்களுக்கு: அதே இயர்போனில் பெயரை மறைத்துக் கேளுங்கள்.

இவ்வளவும் பரவாயில்லை. அந்தக் கேசட் எங்கிருந்து வந்தது என்று குழுவில் ஒருவராவது கேட்டீர்களா? தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்தில், கூட்டத்துக்கு நடுவில், என் மாமா ஒரு ரெக்கார்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பதிந்தது. ஒரே மைக், மோனோ. கை வலித்து அவர் இடம் மாற்றும்போது ஒலி லேசாக அமுங்கும், அதுவும் பதிவில் இருக்கிறது. வாசித்தவர்கள் தோட்டத்துப் பால்மர (ரப்பர்) தொழிலாளிகள். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. வாசித்தவர்களில் பலர் இன்று இல்லை. பினாங்கு ஈரத்தில் கேசட்டில் பூஞ்சை ஏறியிருந்தது, துடைத்துச் சுற்றி ஓட்டி எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மாமா அட்டையின் உட்புறம் பேனாவில் எல்லாருடைய பெயரையும் எழுதி வைத்திருந்தார். உருமி யார், தவில் யார், பாடியது யார், எல்லாம். ஒவ்வொரு கோப்பின் தகவல் பகுதியிலும் அந்தப் பெயர்களைத் தட்டச்சு செய்து சேர்த்திருந்தேன். தம்பியின் 320 கோப்பைத் திறந்து பார்க்கிறேன், அந்த இடம் காலியாக இருக்கிறது. மாற்றும்போது அழிந்துவிட்டது. அவர் கவனிக்கவே இல்லை, பாராட்டிய நீங்களும் கவனிக்கவில்லை. இல்லாத தெளிவு எல்லாருக்கும் கேட்டது. இருந்த பெயர்கள் போனது யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

என்னைச் செவிடன் என்று இன்னும் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோப்பை இனி பகிர்பவர்கள் பெயர்ப் பட்டியலோடு பகிருங்கள், என் கோப்பின் தகவல் பகுதியிலேயே அது இருக்கிறது. எம்பி3 பிடிக்காதவர்களுக்கு கேசட்டிலிருந்து நேராக எடுத்த ஃபிளாக் கோப்பு தருகிறேன், அதில் எதுவும் வெட்டப்படவில்லை, தனிச்செய்தியில் கேளுங்கள். தம்பி, நீங்களும் கேளுங்கள், உங்களுக்கும் தருவேன்.