கைநாட்டு இருந்தால் சம்மதம் ஆகிவிடாது

"தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் விரும்பித்தான் எல்.ஆர்.டி. செய்தார்கள், கையெழுத்தே இருக்கிறது" என்று எழுதியிருக்கும் தம்பி, அது அரை உண்மைதான். எல்.ஆர்.டி. என்பது பெண்ணின் கருக்குழாய்களைக் கட்டி வெட்டும் கருத்தடை ஆபரேஷன். 1980களில் கருத்தடை ஆபரேஷனுக்கு இலங்கை அரசாங்கமே காசு கொடுத்தது, சரி, ஆனால் லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு அறையில், அரிசிக்கே வழியில்லாதவள் அந்தக் காசை எப்படி வேண்டாமென்பாள்? என் பெரியம்மா, கொழுந்துக் கறை போகாத பெருவிரலை, தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களப் படிவத்தில் வைத்துவிட்டு வந்தவர். இனிப் பிள்ளையே பிறக்காது என்பது அப்புறம்தான் தெரிந்தது. புரியும் மொழியில் விளக்க வேண்டும், காசு காட்டியோ மிரட்டியோ பிரசவ வலியிலோ சம்மதம் வாங்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் 2014இல் சேர்ந்தே சொல்லியிருக்கின்றன. மூன்று மாதக் கருத்தடை ஊசியை நிறுத்தலாம், கருப்பையில் வைக்கும் லூப்பை எடுக்கலாம், எல்.ஆர்.டி. நிரந்தரம். அதைச் சொல்லாமல் வாங்கிய கைநாட்டைச் சம்மதம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.